பார்த்தது அம்புட்டுதான்

வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்று நான் அந்த அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது. ஒத்தக்கடைப் பக்கம் எந்த வீட்டுக்காரரைக் கேட்டாலும் போர்த் தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் வரும் என்றுதான் சொல்வார். குடிபோன பிறகுதான் நாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவோம். பதில் தெரிந்தே ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

“இன்னைக்குக் காலையில வந்துச்சு. கோடையில வருமான்னு தெரியலை. நான் இந்த வீட்டக் கட்டி வந்து இன்னும் ஒரு கோடையப் பாக்கல” என்றார்.

அதோடு விடவில்லை. மாடிப் போர்ஷனின் சமையலறைக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், நாங்கள் கவனிக்காத ஒரு சுவர் விரிசலை அவரே காட்டினார். அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு கிழித்திருந்தது.

“மழைக்கு அப்புறம் விட்டது. இன்னும் வளருதா, நின்னுருச்சான்னு தெரியலை. கோட்டத் தாண்டுச்சுன்னா கொத்தனாரக் கூப்புடணும்.”

தெருவுக்கு வந்ததும் என் கணவர், “இந்தம்மா வீட்ட விடுதா, நம்மள விரட்டுதா?” என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் அந்த வீட்டைத்தான் எடுத்தோம். அதுவரை பார்த்த எந்த வீட்டிலும் யாரும் எங்களிடம் இவ்வளவு உண்மை பேசியிருக்கவில்லை.

முதல் மாதம் மேடம் என்று கூப்பிட்டேன். பிறகு அக்கா ஆகிவிட்டார். இனி அப்படியே சொல்கிறேன்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்பார். அரசு ஆய்வகம் ஒன்றில் சந்தேகப்பட்ட கையெழுத்துகளையும் பத்திரங்களையும் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லென்ஸ் வைத்துப் பார்த்ததைக் கோர்ட்டில் போய்ச் சாட்சிக் கூண்டில் நின்று சொல்வதும் அந்த வேலையில் பாதி.

“வக்கீலுங்க நம்ம வாயில இருந்து ஒரே ஒரு வார்த்தையக் கூடுதலா வாங்கப் பாப்பாங்க. ‘இருக்கலாம்’னு நம்ம சொன்னத ‘ஆமா’ன்னு ஆக்கப் பாப்பாங்க. அந்த ஒரு வார்த்தையில ஒருத்தன் உள்ள போயிருவான். அதனால, பாத்தது அம்புட்டுதான்னு சொல்லிட்டு வாய மூடிக்கிருவேன்” என்று ஒருமுறை சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த லென்ஸ் பழைய கைக்கடிகாரங்கள் பக்கம் திரும்பியது. யாரோ ஒருவர் தன் கடிகாரத்தின் டயலில் இருக்கும் கம்பெனிப் பெயர் பழைய அச்சா, பிறகு எழுதியதா என்று பார்த்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தாராம். பார்த்துச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பழைய வாட்ச் சேர்க்கும் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அக்காவின் முகவரி சுற்ற ஆரம்பித்துவிட்டது. பெரும்பாலும் வந்தவை குரோனோகிராஃப்கள். சாதாரண வாட்சுக்குள்ளேயே ஒரு ஸ்டாப் வாட்சும் சேர்ந்திருப்பது. சாவி கொடுக்கும் திருகுக்கு மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன். மேல் பட்டனை அழுத்தினால் நீளமான முள் ஒன்று ஓட ஆரம்பிக்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பட்டனை அழுத்தினால் துள்ளி மேலே வந்துவிடும். பழசுக்கு நல்ல கிராக்கி என்பதால் ஏமாற்று வேலையும் அதிகம். ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் இயந்திரம், புதிதாகப் பெயின்ட் அடித்த டயல் என்று சேர்த்துக் கட்டி விற்றுவிடுவார்கள்.

யானைமலை தெரியும் ஜன்னலோரம் அக்காவின் மேசை. காலை வெளிச்சத்தில் மட்டும்தான் பார்ப்பார். முதலில் பட்டனை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். முள் சரியாகத் தன் இடத்துக்கு வந்து நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு ரப்பர் பந்தைப் பின்மூடி மேல் அழுத்தித் திருகித் திறப்பார். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, மை கசிந்திருக்கிறதா. இருட்டில் ஒளிர முள்ளில் பூசிய மினுக்கமும் டயலில் பூசிய மினுக்கமும் ஒரே வயசா. பார்த்துக்கொண்டே ஏதாவது கீர்த்தனையை முனகுவார். முனகல் நின்றால் ஏதோ கண்ணில் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அவர் கையில் கட்டியிருந்தது பெரியார் பஸ் ஸ்டாண்டில் பிளாட்பாரத்தில் வாங்கிய பிளாஸ்டிக் வாட்ச். “எனக்கு எதுக்கு அந்த மாதிரி? அதான் பாத்தாச்சுல்ல” என்பார்.

ஒருநாள் திருப்பரங்குன்றத்திலிருந்து ஓர் இளைஞர் பைக்கில் வந்தார். சம்பளத்தைச் சேர்த்துவைத்து ஆன்லைனில் வாங்கியதை வெல்வெட் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அக்கா பட்டனை ஒரே ஒருமுறை அழுத்தினார். முனகல் நின்றது. “டயல் புதுசா அடிச்சது. சின்ன வட்டம் ரெண்டும் வெறும் படம், அதுல முள்ளு ஓடாது. உள்ள இருக்கிற மெஷின் சாதா வாட்ச் மெஷின். வெளி உடம்பு பழசுதான். எந்தக் கம்பெனின்னு தெரியலை.” அந்தப் பையன் முகம் வெளுத்துவிட்டது. எழுந்துகொள்ளப் போனவரை அக்கா விடவில்லை. “உக்காருங்க. இட்லி இருக்கு. இந்த மாதிரி சேதியக் கேட்டுட்டு வெறும் வயித்தோட மேலூர் ரோட்டுல வண்டி ஓட்டக் கூடாது.” உட்காரவைத்து, கறிக்குழம்பை ஊற்றி, அவர் சாப்பிட்டு முடித்துக் கொஞ்சம் சிரித்த பிறகுதான் அனுப்பினார். கெட்ட சேதி கேட்ட எல்லோருக்கும் அந்த வீட்டில் சாப்பாடு உண்டு. நல்ல சேதி கேட்டவர்களுக்குக் காபி மட்டும்தான்.

ஆனால் அக்காவின் இந்தக் குணம் எப்போதும் இனிமையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்து அக்காவிடம், “பொண்ணு எப்படிங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். தங்கமான பெண் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்கா யோசித்துவிட்டு, “எப்படின்னு எனக்குத் தெரியலை. காலையில ஏழு மணிக்கு வண்டிய எடுத்துட்டு வேலைக்குப் போகும். பொழுது சாய வரும். என்னையப் பாத்தா சிரிக்கும். நான் பாத்தது அம்புட்டுதான்” என்று சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் போய்விட்டார்கள். மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா தெருவிலேயே நின்று கத்தினார்.

“ஒரு பொம்பளப் புள்ளயப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொன்னா வாயா வலிக்கும்?”

அந்த அம்மா பல மாதம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கும் அக்கா மேல் வருத்தம்தான். மனிதர்களையும் லென்ஸ் வைத்துத்தான் பார்ப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு மாறிய கதையைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

என் மாமனார் மிஷன் பள்ளி ஒன்றில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். அங்கே இருந்த வெளிநாட்டுப் பாதிரியார் ஊர் திரும்பும்போது தன் கையிலிருந்த குரோனோகிராஃபைக் கழற்றி அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். பெரிய சுவிஸ் கம்பெனி வாட்ச் என்பது குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் பேச்சு. டயலில் கம்பெனிப் பெயர் தேய்ந்துபோயிருந்ததால் யாரும் படித்துப் பார்த்ததில்லை. மாமனார் இறந்த பிறகு என் கணவர், “எனக்கு எதுவும் வேணாம்ணே, அப்பா வாட்ச் மட்டும் குடுங்க” என்று தன் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணன் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். நான் அவரைப் பெரியத்தான் என்பேன். இடையில் அந்த வாட்ச் ஓடாமல் நின்றுபோனது. என் கணவர் டவுனில் ஒரு கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கிவந்தார். அவ்வளவுதான் நடந்தது.

பெரியத்தானின் சிநேகிதர் ஒருவர் சென்னையில் இருக்கிறார், இதில் ஆர்வம் உள்ளவர். குடும்பப் பேச்சைக் கேட்டுவிட்டு அந்தப் பெரிய கம்பெனியின் பழைய குரோனோகிராஃப் படத்தைத் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தப் படத்தின் டயல் ஓரத்தில் இருந்தது வண்டியின் வேகம் பார்க்கும் எண்வரிசை. எங்களிடம் இருந்ததில் எண்கள் வேறு மாதிரி. சுத்தம் செய்த பிறகு என் கணவர் அனுப்பியிருந்த போட்டோவோடு பெரியத்தான் அதை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஒரிஜினலை விற்றுவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான் தம்பி என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

எங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருடைய பேத்தியின் காதுகுத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. என் கணவர் மொய் எழுதும் மேசையில் பணத்தை நீட்டியபோது, பெரியத்தான் பின்னாலிருந்து வந்து, எழுதுகிறவரின் கையைப் பிடித்தார்.

“இவன் மொய்ய எழுதாதீங்க. அப்பன் வாட்சையே மாத்தி வித்தவன் காசு எம் பேத்திக்கு வேணாம்.”

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். என் கணவர் நீட்டிய பணத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வெளியே நடந்தார். மாட்டுத்தாவணி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு கல்லூரி அலுவலகத்துக்குப் போவார், வருவார், சாப்பாட்டைப் பிசைந்து பாதியில் எழுந்துவிடுவார். வாட்சைக் கையில் எடுப்பதேயில்லை. இத்தனைக்கும் அண்ணன் மேல் கோபமில்லை. “அண்ணனே அப்புடி நெனைச்சுட்டாருல்ல” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

நான்தான் அவரை அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் கணவர் வாட்சோடு ஒரு போட்டோவையும் எடுத்துவந்தார். பெரியத்தான் கல்யாணத்தில் எடுத்தது. மாமனார் மாலையோடு நிற்கும் மகனின் தோளில் கை போட்டிருக்கிறார், மணிக்கட்டில் வாட்ச்.

அக்கா லென்ஸை வைத்துப் போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

“கையில வாட்ச் இருக்கு. ரெண்டு பட்டனும் தெரியுது. டயல்ல என்ன இருக்குன்னு இதுல தெரியலை.”

“இதேதான் மேடம் அது. பாத்தாலே தெரியுதுல்ல?” என் கணவர் போட்டோவில் அந்த மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

“உங்களுக்குத் தெரியுது. எனக்குத் தெரியலை.”

எனக்கு அந்த நிமிஷம் அக்காவை ஏன் தேடி வந்தோம் என்றிருந்தது. அவர் போட்டோவை ஓரமாக வைத்துவிட்டு வாட்சை எடுத்தார். பட்டனை அழுத்தினார், கண்ணை மூடிக் கேட்டார், பின்மூடியைத் திறந்து பார்த்தார். டயலின் அடிப்பக்கம் கண் போனபோது முனகல் நின்றது. பிறகு, “உங்க அப்பா இத எதுக்கு வச்சிருந்தாரு?” என்று கேட்டார்.

“ஓட்டப்பந்தயத்துக்குத்தான் மேடம்.”

“வேற எதுக்காவது?”

“எனக்கு விவரம் தெரியுறப்ப அவரு ரிட்டயர் ஆகப்போற வயசு. விசேஷத்துக்குக் கட்டுவாரு. வேற தெரியாது.”

அக்கா லென்ஸைக் கீழே வைத்தார். “உங்க அண்ணனுக்குத் தெரியும்ல? அவரக் கூட்டிட்டு வாங்க. இந்த வாட்சப் பத்தி நீங்க ரெண்டு பேரும் அவருகிட்ட எதுவும் பேசக் கூடாது. நான் என்ன கேட்டேன்னுகூடச் சொல்லக் கூடாது.” கொஞ்சம் நிறுத்தி, என் கணவரை நேராகப் பார்த்துச் சொன்னார்: “அவரு வேற மாதிரி பதில் சொன்னார்னா, வாட்ச் மாறியிருக்குன்னு நான் சொல்ல வேண்டியிருக்கும். சம்மதமா?”

“சம்மதம் மேடம்” என்றார் என் கணவர். யோசிக்கவே இல்லை.

பெரியத்தானுக்கு நான் போன் செய்தேன்.

“நீங்க குடியிருக்கிற வீட்டம்மாதான? உங்களுக்குத்தான் பேசுவாங்க” என்றார்.

“அவங்க யாருக்கும் பேசமாட்டாங்க பெரியத்தான். அதுதான் பயமா இருக்கு. மாறியிருக்குன்னு அவங்க சொல்லிட்டா நாங்க ஒத்துக்கிறோம்.”

அது அவரை யோசிக்க வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சிலிருந்து திரும்பிய நேரத்துக்கு வந்து சேர்ந்தார். செல்போனில் சென்னைப் படத்தைத் தயாராக வைத்திருந்தார். தம்பி பக்கம் திரும்பவில்லை. அக்கா அவரை மேசைக்கு எதிரே உட்காரவைத்தார். வாட்ச் மேசை மேல் இல்லை, இழுப்பறைக்குள் இருந்தது.

“படத்த அப்புறம் பாப்போம். உங்க அப்பா அந்த வாட்ச வச்சு என்னென்ன செய்வாரு?”

“பசங்கள ஓடவிட்டு டைம் பாப்பாரு.”

“வேற?”

“வேற…” பெரியத்தான் மோவாயைத் தடவினார். “காய்ச்சல் பாப்பாரு.”

“வாட்ச வச்சா?”

“ஆமா. எனக்கு ஒருதரம் டைபாய்டு வந்து கிடந்தேன். கட்டில் ஓரத்துல உக்காந்து நாடி பாப்பாரு. காலையிலயும் பாப்பாரு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாப்பாரு.”

“எப்படிப் பாப்பாருன்னு செஞ்சு காட்டுங்க.”

பெரியத்தான் தன் இடது மணிக்கட்டையே பிடித்துக்கொண்டார். “இப்புடிப் புடிப்பாரு. பட்டன டக்குனு அமுக்குவாரு. எண்ணுவாரு. நானும் அவர் கூடவே மனசுக்குள்ள எண்ணுவேன். முப்பது வந்ததும் மறுபடி அமுக்கி நிப்பாட்டிருவாரு.”

அக்காவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. “முப்பது வினாடியா, முப்பது துடிப்பா?”

“துடிப்பு மேடம். துடிப்பத்தான எண்ணுவாக?”

“எண்ணி முடிச்சு ஏதாவது கணக்குப் போடுவாரா? பெருக்குவாரா?”

“கணக்கெல்லாம் கிடையாது. வாட்சப் பாப்பாரு, அந்த முள்ளு நிக்கிற எடத்தப் பாத்து உடனே நம்பரச் சொல்லுவாரு. நூறுக்குள்ள வந்துட்டா எங்கம்மா வாசப்படியில நின்னு சிரிக்கும்.” சொல்லும்போதே அவர் குரல் மெல்ல இறங்கியது.

அக்கா இழுப்பறையைத் திறந்து வாட்சை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தார். “டயலோட அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு. பாருங்க. பிரெஞ்சு. முப்பது நாடித்துடிப்புக்கு அளவு குறிச்சதுன்னு அர்த்தம். டாக்டருங்க வச்சிருந்த மாதிரி வாட்ச். முப்பது எண்ணி நிப்பாட்டினா, முள்ளு நிக்கிற எண்ணுதான் ஒரு நிமிஷத்துக்கான துடிப்பு. கணக்குப் போட வேண்டாம்.” பிறகு பெரியத்தானின் செல்போனைக் காட்டினார். “இந்தப் படத்துல இருக்கிறது வேகம் பாக்குற டயல். இத வச்சு உங்க அப்பா அந்த மாதிரி சொல்லியிருக்க முடியாது.”

பெரியத்தான் லென்ஸுக்குள் குனிந்தவர் நிமிரவில்லை.

“இன்னொன்னு” என்றார் அக்கா. “கீழ்ப் பட்டன் தண்டுல பழைய துரு இருக்கு. அந்த வழியா வருஷக்கணக்கா வேர்வை இறங்கியிருக்கு. டயல்ல அதே எடத்துல கறை. ஆக, இந்த டயலும் இந்த உடம்பும் ரொம்ப நாளா ஒன்னாத்தான் இருக்கு, சமீபத்துல சேத்தது இல்ல.”

பெரியத்தான் வாட்சைக் கையில் எடுத்தார். இரண்டு மூன்று முறை பட்டனைத் தடவிப் பார்த்தார். பிறகு முதல்முறையாகத் தம்பி பக்கம் திரும்பினார்.

“கையக் குடுடா.”

என் கணவர் கையை நீட்டினார். பெரியத்தான் மணிக்கட்டைப் பிடித்து, பட்டனை அழுத்தி, உதடு அசைய எண்ணினார். முப்பதில் நிறுத்தினார். முள்ளைப் பார்த்தார்.

“நூத்திப் பத்து” என்றார். “ஏன்டா இம்புட்டு வேகமா அடிக்குது?”

என் கணவர் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். இரண்டு பேருமே அழுதார்கள். காதுகுத்து மண்டபத்தில் ஒரு சொல்லும் பேசாமல் வெளியே நடந்த மனிதர் அன்றைக்குத்தான் அழுது பார்த்தேன்.

அக்கா பாட்டுக்குத் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தார். “சின்ன முள்ளுல ஒன்னு மாத்துனது. எப்ப மாத்துனதுன்னு தெரியலை. இயந்திரம் நல்ல சுவிஸ் இயந்திரம்தான், ஆனா அத நிறைய சின்னக் கம்பெனிங்க வாங்கிப் போட்டிருக்காங்க. நீங்க சொல்ற பெரிய கம்பெனியா இருக்கும்னு எனக்குத் தோணல. எந்தக் கம்பெனின்னும் தெரியலை.” அண்ணனும் தம்பியும் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அக்கா சொல்லி முடித்து, லென்ஸைத் துடைத்து வைத்துவிட்டு, காபி போட உள்ளே போனார்.

பெரியத்தான் வாட்சைத் தம்பி கையில் தானே கட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினார். பிறகு வந்த ஒரு கல்யாணத்தில், அதே சொந்தக்காரர்கள் முன்னால், மொய் எழுதும் மேசைக்குத் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், “மொதப் பேரு என் தம்பி பேரு. நல்லாப் பெருசா எழுதுங்க” என்று சத்தமாகச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. எங்களுக்கு அது வேண்டியிருக்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவுக்கு நன்றி சொல்லக் கீழே போனேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். என்னென்னவோ சொல்ல நினைத்து, “எங்க வீட்டுக்காரர் நல்லவர்னு நீங்கதான்க்கா நிரூபிச்சுக் குடுத்தீங்க” என்றேன்.

“நான் எங்க அப்படிச் சொன்னேன்?” அக்கா கீரையிலிருந்து நிமிர்ந்தார். “வாட்ச் மாறலன்னு சொன்னேன். அதுக்கும் உங்க பெரியத்தான்தான் சாட்சி. உன் வீட்டுக்காரர் எப்படின்னு நான் பாக்கல. நீதான பக்கத்துல இருந்து பாக்குற? அத நீ சொல்லு. நான் சொல்லி ஆகவேண்டியது இல்ல அது.”

அவர் குரலில் கண்டிப்பு இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி அன்று அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தான் பார்த்ததைச் சொல்வது அவர் வேலை. ஒருவரை நல்லவர் என்று சொல்லும் உரிமை, கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் உண்டு என்று நினைத்தார். அதை யாரிடமிருந்தும் பறித்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. கீரையை முடித்துக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய் என் கணவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் வெட்கப்பட்டு, “சரி சரி, தட்ட எடு, பசிக்குது” என்றார். அன்று மூன்று தோசை சாப்பிட்டார்.

அக்காவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது போன வருஷம். ஆஸ்பத்திரியில் நானும் என் கணவரும் மாறி மாறி இருந்தோம். அக்காவுக்குச் சொந்தமென்று இருந்தது ஒரே அண்ணன் மகன், அவரும் வெளிநாட்டில். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போன ஒரு மத்தியானம், கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“பயமா இருக்காக்கா?”

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்ற அந்தப் பழைய யோசனை. “தெரியலை” என்றார். “இன்னும் பாக்கலையே.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்காவின் அடக்கத்துக்கு அந்த அண்ணன் மகனால் வந்துசேர முடியவில்லை. சர்ச்சிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று பாஸ்டர் கேட்டார். பின்பக்கத்துக்குப் பாடகர் குழுவில் இரண்டு பேர் வந்தார்கள். முன்பக்கம் என் கணவர் போய் நின்றார். அப்போதுதான் பார்த்தேன், பெரியத்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் சேதி மட்டும்தான் சொல்லியிருந்தோம். கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் மேல்துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு தம்பிக்கு இணையாக நின்றார்.

பெரியத்தான் நல்ல உயரம். என் கணவர் அவர் காது மட்டத்துக்குத்தான் இருப்பார். பெட்டியைத் தோளில் ஏற்றியதும் அது ஒரு பக்கம் சாய்ந்தது. பெரியத்தான் அதைப் பார்த்துவிட்டு முழங்காலை மடக்கித் தாழ்ந்தார். பெட்டி நேரானது. கல்லறைத் தோட்டம் வரை வெயிலில், வேர்வை வழிய, ஒரு அடிகூட நிமிராமல் அப்படியே நடந்தார்.